சாயம் விலகிய இடம்

மேரிலின் மன்றோவின் உதட்டுச் சிவப்பு உதட்டோடு பொருந்தி நிற்கவில்லை. கறுப்புக் கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு வெளியே வந்திருந்தது. இமைமேல் பூசிய நீலம் இமைக்குள் அடங்காமல் புருவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி நின்றபோது பளிச்சென்று ஒரே முகம். கிட்டே போனதும் மஞ்சள் ஒரு துண்டு, இளஞ்சிவப்பு ஒரு துண்டு, நீலம் ஒரு துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பாக ஒரு நிழல் என்று பிரிந்துபோனது.

இது 2012இல். சிங்கப்பூர் மெரினா பேயில், தாமரை வடிவில் கட்டிய ஆர்ட்சயன்ஸ் அருங்காட்சியகத்தில் ஆண்டி வார்ஹோலின் படைப்புகளை வைத்திருந்தார்கள். '15 மினிட்ஸ் எடர்னல்' என்று தலைப்பு. வார்ஹோல் 1987இல் காலமானவர். அந்த 25 ஆண்டு நிறைவையொட்டி ஆசிய நகரங்களைச் சுற்றிவரப் புறப்பட்ட கண்காட்சி. ஓவியம், கோட்டுச் சித்திரம், அச்சுப்படம், சலனப்படம் என்று 260க்கும் மேல். எங்கள் பாச்சாங்கிலிருந்து மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையம் பக்கம்தான். காலையில் பஸ் ஏறினால், ஜொகூர் பாரு குடிநுழைவு வரிசையில் நின்று, பாலம் கடந்து, மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

கூட்டம் அதிகம். எல்லாரும் படத்தின் முன்னால் நின்று கைப்பேசியில் தங்களைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு நகர மனம் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோட்டுக்குள்ளே நிறம் தீட்டச் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தவள் நான். இந்த மனிதர் ஏன் சாயத்தைக் கோட்டுக்குள் நிறுத்தவில்லை? அந்த ஒரு கேள்வியோடு ஊர் திரும்பினேன்.

*

விடை எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருந்தது.

கடைவரிசையின் கோடியில் சட்டைக்கு அச்சடித்துக் கொடுக்கும் சின்னக் கடை. திருவிழாத் தொண்டர்கள் போடும் டீ-சட்டை, பள்ளி விளையாட்டுப் போட்டிச் சட்டை, குடும்ப ஒன்றுகூடல் சட்டை எல்லாம் அங்கேதான். நடத்துபவர் என்னிடம் படித்த பையன். இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான். இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். வார்ஹோல் செய்தது இதே சில்க் ஸ்கிரீன் வேலைதான் என்று சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மரச்சட்டத்தில் முரசுத் தோலைப்போல் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. ஒரு காலத்தில் பட்டுத்துணி. அதனால்தான் அந்தப் பெயர். இப்போது பாலியெஸ்டர். சட்டைக்கு அடிக்கும் வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழைகள். அதன்மேல், இருட்டறையில், வெளிச்சம் பட்டால் கெட்டியாகிவிடும் ஒருவகைப் பசையை மெலிதாகத் தடவிக் காயவைக்கிறார்கள். படத்தைக் கண்ணாடித் தாளில் அட்டைக்கறுப்பாக எடுத்து, பசைமேல் வைத்து, வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இளகியே இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் இளகிய பசை கரைந்தோடி, அங்கே மட்டும் வலையின் கண்கள் திறக்கும்.

"லைட் பெட்டி வாங்காத காலத்துல வெயில்லயே காட்டுவோம் டீச்சர். பன்னெண்டு மணி வெயில்னா நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தா முழுசும் இறுகிடும், கழுவுனாலும் போகாது."

பிறகு சட்டையின் மேல் சட்டத்தைப் படியவைத்து, ஓரமாக மையை ஊற்றி, ரப்பர் பட்டை பதித்த கட்டையால் ஒரே இழுப்பு. திறந்த கண்கள் வழியாக மை கீழே இறங்கும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் கோடு விழும். அழுத்தம் கூடினால் மை அப்பும். குறைந்தால் திட்டுத்திட்டாகப் போகும். பட்டையை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதை அவரால் வாயால் சொல்ல முடியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நான்கு நிறம் என்றால் நான்கு சட்டம், நான்கு இழுப்பு. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த மூலைகளில் சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறார்கள். "மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. முருகன் மொகம் ரெண்டாத் தெரியும். கோயில்ல வாங்க மாட்டாங்க."

வாங்க மாட்டார்கள் என்று இவர் ஒதுக்கி வைப்பதை வார்ஹோல் வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். அவர் முதலில் துணியில் கையாலேயே நிறங்களைத் தீட்டிவிடுவார்: முகத்துக்கு ஒரு பரப்பு, கூந்தலுக்கு ஒரு பரப்பு, உதட்டுக்கு, இமைக்கு. அவை காய்ந்தபின், புகைப்படத்திலிருந்து எடுத்த கறுப்பைச் சட்டம் வைத்து மேலே இழுப்பார். இரண்டும் பொருந்தாத இடத்தில் பொருந்தாமலே விட்டுவிடுவார். நான் பார்த்த உதட்டுச் சிவப்பு அப்படி விடப்பட்ட சிவப்பு.

இதன் ஆழம் எனக்குப் பிடிபட்டது 1962ஆம் ஆண்டு 'மேரிலின் டிப்டிக்' படத்தைப் பற்றிப் படித்தபோது. அந்த நடிகை இறந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில். வார்ஹோல் உடனே வேலையைத் தொடங்கினார். 'நயாகரா' படத்துக்காக எடுத்த விளம்பரப் புகைப்படத்திலிருந்து ஒரே முகம், 50 தடவை. இடப்பக்கம் 25 முகங்களும் நிறத்தில். வலப்பக்கம் 25ம் வெறும் கறுப்பு வெள்ளையில். அந்த வலப்பக்கத்தில் ஒரு வரிசையில் மை அப்பி முகமே இருண்டுபோகிறது. போகப்போக மை குறைந்து, ஓரத்தில் முகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கிவிடுகிறது. அச்சுக்கடையில் இது மை தீர்ந்துபோன சட்டம். படத்தில் அது ஒரு பெண் கண்முன்னால் மறைந்துகொண்டே போவது. துக்கத்தைக் கொண்டுவந்து படத்தின்மேல் பூசவில்லை அவர். அச்சடிக்கும் முறைக்குள்ளேயே அது இருப்பதைக் கண்டுகொண்டார். ஓவியத்தில் உத்தி என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

சூப் டின் படங்களால்தான் உலகம் அவரை அறிகிறது. 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் 32 படங்கள் வைத்தார். கேம்ப்பெல்ஸ் கம்பெனி அப்போது விற்றுவந்த சூப் வகைகளும் 32. வகைக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம், 16 அங்குல அகலம். மளிகைக்கடைத் தட்டில் அடுக்குவதுபோலவே சுவரில் தட்டு அடித்து வரிசையாக நிறுத்தினார்கள்.

அச்சடித்தவை என்றுதான் நானும் பலகாலம் கேள்விப்பட்டிருந்தேன். அவை கையால் தீட்டியவை. டின்னின் அடியில் வரிசையாக ஓடும் பூ முத்திரையை ஒவ்வொன்றாகக் குத்தியிருக்கிறார். ஆகவே ஒரு டின்னைப்போல் இன்னொன்று இல்லை. இயந்திரத்தைப் போலவே செய்ய வேண்டும் என்று ஒரு கை பாடுபட்டிருக்கிறது. அந்தப் பாடு படத்தில் தெரிகிறது.

எங்கள் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஆனால் தோட்டத்துக் கடைத் தட்டில் எந்த டின்னில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. சேவல் படம் போட்டது சாடின். பச்சை டின் மைலோ. படத்தைச் சொல்லித்தான் கேட்பார். கடைக்காரரும் படத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொடுப்பார். அந்தச் சேவல் கம்பெனியை அல்ஃப்ரெட் க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892இல் சிங்கப்பூரில் தொடங்கினார். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வாங்கும் ஊரில் எந்த மொழியில் எழுதினாலும் ஒரு சாராருக்குப் புரியாது. சேவல் எல்லாருக்கும் புரிந்தது. லயத்துப் பெண்களுக்கு அந்தச் சேவல்தான் எழுத்து.

டின் காலியானதும் அதற்கு இன்னொரு வாழ்வு உண்டு. மண்ணெண்ணெய் விளக்காகும். வெற்றிலைப்பெட்டியாகும். துளசி வளரும். வாசல்படிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மைலோ டின் துருவேறிய பிறகும், அதிலிருந்த எழுத்துகள் உதிர்ந்த பிறகும், அந்தப் பச்சை மட்டும் கீழ் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் இருக்கிறது.

வார்ஹோலின் அம்மா ஜூலியா, இன்றைய ஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். பிட்ஸ்பர்க் நகரில் கணவர் கூலிவேலை. ஜூலியா காலி டின்களை வெட்டி மடித்து, வண்ணக் காகிதம் சுற்றிப் பூக்கள் செய்து, வீடுவீடாகப் போய் விற்றிருக்கிறார். இதைப் படித்த பிறகு சூப் டின் படங்களை நுகர்வுப் பண்பாட்டின் விமர்சனம் என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. ஏழை வீட்டில் டின் என்பது கைக்குக் கிடைத்த பொருள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதை வரைந்தான்.

*

ஜூலியாவைப் பற்றி இன்னொன்று. 1950களில் வார்ஹோல் நியூயார்க்கில் செருப்புக்கடை விளம்பரங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தார். அம்மா அவரோடு வந்து தங்கிக்கொண்டார். படங்களுக்கு அடியில் சுழித்துச் சுழித்து எழுதியிருக்கும் எழுத்துகளில் பல அவர் கையெழுத்து. ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை. எழுத்து விட்டுப்போனால் விட்டுப்போனபடியே மகன் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் வார்ஹோல் கையாண்ட ஒற்றுக்கோட்டு உத்தியை வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம். மை உறிஞ்சாத வழவழப்புத் தாள் ஒன்று, உறிஞ்சும் தாள் ஒன்று. இரண்டையும் புத்தகம்போல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வழவழப்புத் தாளில் ஒரு சிறு கோடு மையால் போட்டு, ஈரம் காயும் முன் மற்றத் தாளை அதன்மேல் மூடி அழுத்த வேண்டும். திறந்து, அடுத்த கோடு, மறுபடி மூடல். இப்படிக் கொஞ்சங் கொஞ்சமாகப் படம் மறுபக்கம் ஏறும். ஏறிய கோடு முழுசாக இருக்காது. விட்டுவிட்டு, சில இடத்தில் புள்ளியாக, சில இடத்தில் மை தேங்கி இருக்கும். வரைந்த கை எது, பதிந்த தாள் எது என்று சொல்ல முடியாத ஒரு கோடு. நான் ஒரு ரம்புத்தான் வரைந்தேன். அதன் முடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கோடு இல்லை.

*

புள்ளிகள்.

வார்ஹோலைப்போலவே அன்றாடப் படங்களை ஓவியமாக்கிய இன்னொரு பாப் கலைஞர் ராய் லிக்டன்ஸ்டைன். அவர் படங்களில் முகமே புள்ளிகளால் ஆனது. மலிவு விலைச் சித்திரக்கதைப் புத்தகங்களில் மை மிச்சம் பிடிக்க, முழுச் சிவப்புக்குப் பதில் சிவப்புப் புள்ளிகளைத் தூவிவிடுவார்கள். கண் தானாகவே கலந்து இளஞ்சிவப்பாக்கிக்கொள்ளும். பெஞ்சமின் டே என்பவர் 1879இல் கொண்டுவந்த முறை. பென் டே புள்ளிகள் என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. லிக்டன்ஸ்டைன் அந்தப் புள்ளியைத் துணியில் பெரிதாக்கிக் காட்டினார். 1961இல் வரைந்த 'லுக் மிக்கி' ஓவியத்தில் புள்ளி வைக்க அவர் எடுத்தது நாய்க்கு முடி சீவும் பிரஷ். அதைச் சாயத்தில் தோய்த்து ஒற்றியிருக்கிறார். பின்னாளில் துளையிட்ட தகடு வைத்து, துளை வழியே சாயம் தேய்த்தார்.

நம் வீட்டுக்கு வந்த தமிழ் நேசனிலும் படம் என்றால் புள்ளிகள்தான். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை. என்னிடம் சில பழைய பக்கங்கள் இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்தால் தலைவர் முகம் போய்விடுகிறது. கன்னத்தில் சின்னப் புள்ளிகள், மீசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பெரிய புள்ளிகள், நடுநடுவே மஞ்சளேறிய தாள். கண்ணாடியை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முகம் சட்டென்று திரும்பி வருகிறது. அந்தக் கட்டத்தில் கையை நிறுத்தி, முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகம் தாளில் இல்லை. தாளுக்கும் கண்ணுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

*

வாரக் கடைசியில் மலாக்காவில் நடந்த நீர்வண்ண வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். தாளின் வெள்ளையை வெள்ளையாகவே காப்பாற்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று ஒன்று தடவுவார்கள். மேலே எந்த நிறம் பூசினாலும் அதற்குள் இறங்காது. காய்ந்தபின் விரலால் தேய்த்தால் தோலாக உரிந்து வரும். அடியில் வெள்ளை அப்படியே இருக்கும்.

ஆசிரியை மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய வாடை எனக்குப் புதிதில்லை. அமோனியா. பால் கொட்டகையின் வாடை. அந்தச் சீசாவில் இருப்பது ரப்பர்ப் பால். உறைந்துவிடாமல் இருக்க அமோனியா சேர்த்தது. தோட்டத்திலிருந்து கப்பலேறும் கெட்டிப்பாலுக்கும் அமோனியாதான் காவல். நூற்றுக்கு ஏறக்குறைய 0.7 பங்கு கலப்பார்கள். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதலில் நட்ட இடம் எங்கள் மாநிலத்துப் புக்கிட் லிந்தாங். தான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் 1896இல் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் பரப்பினார். அந்த மரங்களை வெட்டத்தான் எங்கள் முன்னோரைக் கப்பலேற்றினார்கள்.

வெட்டிய பட்டையில் உறைந்து நிற்கும் பாலை அம்மா விடிகாலையில் விரலால் உரித்தெடுப்பார். அதே அசைவில் நான் தாளில் உரித்தேன். உரித்த இடத்தில் கொக்கு ஒன்றின் வெள்ளை இருந்தது. வகுப்பு முடியும்வரை அந்தச் சுருள்களைத் தூக்கிப்போட மனம் வராமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

பாப் ஓவியங்களின் கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்புக்கும் இதைப்போல் மறைத்துப் பூசும் வேலைதான் அடிப்படை. அக்ரிலிக்கில் ஒட்டுத்தாள் போட்டு விளிம்பு எடுக்கும்போது சாயம் அடியில் கசியும். அதற்கு ஆசிரியை சொன்ன வழி: ஒட்டுத்தாளின் ஓரத்தில் முதலில் அடியில் இருக்கிற அதே நிறத்தைப் பூசிவிட வேண்டும். கசிந்தால் அதுதான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. சந்து அடைபட்டபின் புது நிறத்தைப் பூசினால் விளிம்பு நேராக நிற்கும். எண்ணெய்ச் சாயம் காய நாட்கணக்கு ஆகும். அக்ரிலிக் நிமிடங்களில் காயும். 1950களின் நடுவில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அமெரிக்கக் கடைகளுக்கு வந்திராவிட்டால், தட்டையான, நிழலில்லாத, பளிச்சென்ற அந்த ஓவியங்கள் இந்த வேகத்தில் பிறந்திருக்காது.

*

உத்திகளைக் கற்கக் கற்க எனக்குள் ஒன்று உறுத்தத் தொடங்கியது.

லண்டன் டேட் கூடத்தில் இருக்கும் லிக்டன்ஸ்டைனின் 'வாம்!' ஓவியம் 1963இல் வரைந்தது. நான்கு மீட்டர் அகலம். அதற்கு மூலம், இர்வ் நோவிக் என்ற சித்திரக்கதை ஓவியர் ஒரு போர்க்கதைப் புத்தகத்துக்கு வரைந்த கட்டம். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு நோவிக்கைத் தெரியும்? 1964இல் வார்ஹோல் பிரில்லோ சோப்புப் பெட்டிகளை மரத்தில் செய்து அடுக்கிவைத்தார்; கலை வரலாற்றுப் புத்தகம் எதுவும் அதை விடுவதில்லை. அந்த அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓவியர்தான். பகலில் பிழைப்புக்காக விளம்பர வேலை, மற்ற நேரத்தில் தன் ஓவியம். கண்காட்சித் திறப்பன்று போய்த் தான் போட்ட பெட்டி சிற்பமாக அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஆண்டே, நாற்பது வயதுக்கு முன்பே இறந்தும் போனார்.

பாப் கலையின் மேல் எனக்கு அன்பு உண்டு. சாதாரண சனங்கள் நாள்தோறும் பார்க்கும் படம் கவனித்துப் பார்க்கத் தக்கது என்று சொன்ன கலை அது. ஆனால் அந்தப் படத்தை முதலில் போட்ட கைக்கு அது தர வேண்டிய மரியாதையைத் தரவில்லை. இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

மறுபக்கமும் உண்டு. ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் நின்று விளம்பரத் தட்டி தீட்டியவர். மூக்குக்கு முன்னால் பத்தடிக்கு ஒரு கன்னம், ஒரு கரண்டி நூடுல்ஸ். கிட்டத்தில் வெறும் நிறம், தெருவிலிருந்து பார்த்தால் படம். அந்த அனுபவத்தையே ஓவியமாக்கி, 1965இல் 86 அடி நீளத்துக்கு 'எஃப்-111' செய்தார். பம்பாயில் எம். எஃப். ஹுசைன் சினிமாத் தட்டி தீட்டித்தான் தொடங்கினார். தட்டி வரைந்தவர் ஓவியராக ஏற்கப்பட முடியும் என்பதற்கு இவர்கள் இருவரும் சாட்சி.

நம் சென்னையின் பேனர் ஓவியர்கள்? சின்னப் புகைப்படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, துணியில் சாக்பீஸ் தடவிய நூலைத் தட்டிப் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் முகத்தைப் பெயர்த்து ஏற்றினார்கள். கன்னத்தின் நிழலுக்கு நீலம், பச்சை. வெளிச்ச ஓரத்துக்கு ஆரஞ்சு. கிட்டே பார்த்தால் தோல் நிறமே இருக்காது. முப்பதடி தள்ளி நின்றால் சிவாஜி கண்கலங்குவார். வார்ஹோலின் நீல இமையைப் பார்த்து வியந்து நின்ற கண்ணுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மழையில் நனைந்த துணிக்கு வெள்ளையடித்து, அடுத்த படத்தை அதிலேயே மறுபடி வரைந்தார்கள். கடைசியில் 2000களில் ஃபிளெக்ஸ் வந்து அந்தக் கைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

காலண்டர்ப் படம் இன்னும் நெருக்கம். கோவில்பட்டி சி. கொண்டையராஜு 1898இல் பிறந்தவர், 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை தீட்டி, பிறகு தெய்வப்படங்கள் வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை லட்சக்கணக்கில் அடித்து உலகெங்கும் அனுப்பின. தோட்டத்து லயங்களில் சுவருக்குச் சுவர் சிரித்த முருகனுக்கும் மீனாட்சிக்கும் அந்தக் கோவில்பட்டிக் கைகளின் சாயல் உண்டு. அவர் மாணவர்கள் டி. எஸ். சுப்பையா முதலானோர் அதே பாணியில் தொடர்ந்தார்கள். படத்தின் கீழ் மூலையில் சிறிதாகக் கையெழுத்து இருக்கும். சட்டம் போடும்போது அந்த மூலை பெரும்பாலும் சட்டத்துக்குள் போய்விடும்.

*

கோலாலம்பூர் தேசிய ஓவியக்கூடம் 1958இல் தோன்றியது. மலேசியர்கள் பாப் கலையை என்ன செய்தார்கள் என்று பார்க்க அங்கே போக வேண்டும். ஜோசப் டானின் 1968ஆம் ஆண்டு 'லவ் மீ இன் மை பாத்தேக்', மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் நம் ஊர் பாத்தேக்கைப் பாப் பாணியோடு சேர்த்தது. பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் பத்திரிகைப் புகைப்படங்களைத் தன் ஓவியங்களுக்குள் கொண்டுவந்து போரையும் ஏழ்மையையும் பேசினார். 1986இல் அவர் வரைந்த 'ஃபிரண்ட்ஸ் இன் நீட்' படத்தில் ரீகனும் தாட்சரும் வாயாங் கூலிட் நிழற்பாவைகளாக வருகிறார்கள். கோபத்தை இவ்வளவு தெளிவாக வைத்த பெண் ஓவியர் இங்கே குறைவு. நம் பத்திரிகைகள் அவரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

ரெட்சா பியதாசாவின் 'மலேசியத் தொடர்' முன்னால்தான் நான் அதிகம் நின்றது. குவாந்தானில் 1939இல் பிறந்தவர், 2007இல் காலமானார். பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களை எடுத்துக்கொண்டார். நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருக்கும் மலாய்க் குடும்பம், பாபா குடும்பம், இந்தியத் தம்பதி. அவற்றைச் சில்க் ஸ்கிரீனிலும் ஒட்டுப்படத்திலும் மறுபடி எடுத்து, பளிச்சென்ற நிறங்களை ஏற்றினார். வார்ஹோல் நடிகைக்குச் செய்ததை இவர் பெயர் தெரியாத குடும்பங்களுக்குச் செய்தார். முறை ஒன்றுதான். ஆனால் இங்கே அந்த நிறம், சாதாரண மனிதர் முகத்துக்குப் போட்ட மாலை. ஒரு படத்தில் இருக்கும் ஒரு தாயின் கை, மடியில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் விரல் விரித்துக் கிடக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய படத்திலும் பாட்டியின் கை அப்படித்தான்.

*

மலாக்காவில் இதற்கெல்லாம் கூடம் தேடிப் போக வேண்டியதில்லை. ஜோங்கர் ஸ்திரீட் பக்கத்தில் சார்ல்ஸ் சாம் தன் ஒராங்ஊத்தான் ஹவுஸ் கடைச் சுவரில் தீட்டிய பெரிய குரங்கு முகம் நெடுங்காலம் இருந்தது. ஓவியமும் சட்டையும் ஒரே இடத்தில் செய்தவர் அவர். சிவப்புக் கட்டடச் சதுக்கத்தில் பேச்சா என்னும் மிதி ரிக்‌ஷா வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஹலோ கிட்டியும் பிகாச்சுவும் பிளாஸ்டிக் ரோஜாவும் குடையும் விளக்கும் வைத்து, பாட்டை உரக்கப் போட்டுக்கொண்டு சுற்றுகின்றன. கண்ணை உறுத்துகிறது என்று பலர் சொல்வார்கள். ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வண்டியைப் பார்த்தேன். ரோஜாக்களை அந்தப் பெரியவர் சும்மா சொருகியிருக்கவில்லை. வெளியே சிவப்பு, உள்ளே போகப்போக இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை. ஒவ்வொன்றையும் கம்பியில் முறுக்கிக் கட்டியிருந்தார். பொம்மையின் முகத்தில் வெயிலில் வெளுத்த இடத்துக்கு மட்டும் புதிதாகச் சாயம் தொட்டிருந்தார். "நீங்களே செஞ்சதா?" என்று மலாயில் கேட்டேன். "வேற யாரு?" என்றார். அவர் பெயர் அந்த வண்டியில் எங்கேயும் இல்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் காலண்டர்ப் படமோ, மூடிப்போன கடையின் கையெழுத்துப் பலகையோ, கோயில் திருவிழாவுக்குத் தீட்டிய துணித்தட்டியோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சட்டத்தைக் கழற்றிக் கீழ்மூலையைப் பாருங்கள். கையெழுத்து இருந்தால் படமெடுத்து வையுங்கள். இல்லையென்றால், வரைந்தவர் யார் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருக்கிறார்கள். இந்த மாதமே போய்க் கேட்டு, பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.